எங்களை எங்கே வைத்துக் கேட்பார்கள்?

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. கணிதம்

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமில் ஒரு மாலை நேரம். பேச வந்திருந்த அலுவலர் 'மக்கள் பங்கேற்பும் உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சியும்' என்ற பொருளில் ஒரு மணி நேரம் உரையாற்றினார். வளரும் நாடுகளில், தலைநகரில் அமர்ந்து தீட்டிய திட்டங்கள் பல ஏன் பயன் தரவில்லை? யாருக்காகத் தீட்டினார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் காரணம் என்றார். அந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டுக்கொண்டேன்.

முகாம் முடிந்து வீடு திரும்பிய இரவு அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கொழுந்து பறிப்பவர். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "நல்லாத்தான் சொல்லியிருக்காரு பாப்பா. எங்கள எங்க வச்சுக் கேப்பாங்களாம்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடியபோது படித்ததையும் பார்த்ததையுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து பிழைப்புக்காக இம்மலைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம்; கல்லூரிக்கு வந்தவள் நான்தான் முதல். வால்பாறையில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. குடியிருக்கும் லைன் வீடு தோட்டத்தினுடையது. வாசலில் அம்மா நட்ட செம்பருத்தியை வேண்டுமானால் எங்களுடையது என்று சொல்லலாம். பெற்றோர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிறகு எங்கே போவது என்ற பேச்சு சாப்பாட்டுக்குப் பின் அடிக்கடி எழும். அப்பா திருப்பூர் என்பார். அம்மா சங்கரன்கோவில் என்பார். அங்கே இன்று எங்களை அடையாளம் தெரிந்தவர் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேயிலை இல்லையேல் எங்கள் குடும்பம் இம்மலைக்கு வந்தே இராது. நானும் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் நிலமும் வீடும் வேலையும் பிறர் கையில் இருக்கும் ஓர் ஊரில் 'உள்ளூர் மக்களின் பங்கேற்பு' என்பதற்கு என்ன பொருள்? அதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணித மாணவி என்பதால் மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தேன். 2001இல் வால்பாறையில் 94 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2011இல் 70,859 பேர். பத்தே ஆண்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மலையிறங்கிவிட்டார்! தேயிலை விலை வீழ்ந்ததும், பனியன் கம்பெனிகள் கீழே இருந்து அழைத்ததும் அதற்குக் காரணங்கள். அதற்குப் பிந்திய நிலையை அறிய நான் புத்தகம் தேட வேண்டியதில்லை. எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகள். ஐந்தில் பூட்டுத் தொங்குகிறது.

மக்களைக் கேட்பதற்கு இடமே இல்லாத நாடன்று நமது நாடு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபை இப்போது உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை கூடுகிறது.

ஆனால் வால்பாறை கிராமமன்று, நகராட்சி! பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோ மீட்டர். ஆழியாற்றைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் தேயிலை. தேயிலைக்கு அப்பால் காடு. இரவில் சிறுத்தை வந்து போகும் தெருக்கள் உள்ள இவ்வூருக்கு ஏட்டில் நகரம் என்று பெயர். நகரத்துக்குக் கிராம சபை கிடையாது. இக்குறையை உணர்ந்துதான் போலும், 2022இல் நகர்ப்புறங்களுக்கென வார்டு குழு, பகுதி சபை விதிகளை அரசு கொண்டு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 1இல் தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. ஆக, சட்டப்படி கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த இடத்தில் திறக்கும் என்பதுதான் அம்மாவின் கேள்வி. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர் எப்படி வருவார்? வந்தால் அன்றைய கூலி போயிற்று.

கூட்டம் கூடினாலே போதும் என்றும் சொல்லமாட்டேன். சமவெளியில் என் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு கிராம சபையைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் நாளே பதிவேடு வீடு வீடாக வந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கையெழுத்திட்டார்கள். மறுநாள் கூட்டத்தில் நாற்காலியில் ஆண்கள் அமர்ந்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். தீர்மானங்களை ஒருவர் மூச்சு விடாமல் வாசித்தார். ஒரு பாட்டி மட்டும், "போன கூட்டத்துல தண்ணித் தொட்டி கேட்டமே, அது என்னாச்சுங்க?" என்று குரல் கொடுத்தார். "எழுதியிருக்கு ஆத்தா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பஜ்ஜி நன்றாக இருந்தது.

அதே கோவை மாவட்டத்தில்தான் ஓடந்துறையும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள அவ்வூராட்சி, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிற்று. விலை 1 கோடியே 55 இலட்சம் ரூபாய். அதில் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன். ஊருக்குத் தேவையான மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருவாயிலேயே கடனையும் அடைத்தார்கள். 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் ஊக்கத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. தலைவர் ஒருவரின் திறமையை மக்கள் பங்கேற்பு என்று சொல்லலாமா என என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆயினும் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின் கட்டணம் ஊர்ப் பணத்தைத் தின்கிறது என்ற உள்ளூர்க் கணக்கிலிருந்துதான் அந்தக் காற்றாலை பிறந்தது; சென்னையிலிருந்து வந்த திட்டமன்று. ஆனால் ஓடந்துறையின் கையில் ஓர் ஊராட்சி இருந்தது. ஊராட்சியின் கையில் பணம் இருந்தது. எங்கள் கையில் என்ன இருக்கிறது?

பங்கு இருந்தால் போதும் என்பார் சிலர். தோட்டத்தையே தொழிலாளருக்குச் சொந்தமாக்கிவிட்டால் பங்கேற்பு தானாக வந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மூணாற்றின் கதையைப் படிக்கும் வரை. மூணாறு நமக்கு அயல் ஊரன்று. ஆனைமலைத் தொடரின் அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தமிழர். 2005இல் டாடா டீ நிறுவனம் அங்குள்ள தன் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகிக்கொள்ள, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் உருவாயிற்று. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரும் ஊழியரும் அதன் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு அவர்களிடமே. இந்தியா முழுவதும் இதனை வியந்து எழுதினார்கள். கூலிக்காரர் முதலாளி ஆனார் என்றால் வியக்க மாட்டார்களா?

பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரர்களான பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் வந்து அமர்ந்தார்கள். அவ்வாண்டு போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 20 விழுக்காடு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். லிசி சன்னி, கோமதி போன்ற தோட்டத் தொழிலாளிகளே முன்னின்றார்கள். நிர்வாகத்தை மட்டுமா எதிர்த்தார்கள்? அதுவரை தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. ஒன்பதாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது: 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத் தொகை. கூட்டினால் கேட்ட 20. 232 ரூபாயாக இருந்த நாட்கூலியும் அடுத்த மாதம் 301 ஆக உயர்ந்தது.

தோழர்களே, இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தது. சங்கச் சந்தா கட்டியாயிற்று. வாக்குரிமையும் உண்டு. இத்தனையும் இருந்தும், போனஸ் எவ்வளவு என்பது முடிவான அறையில் அப்பெண்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் சாலை! அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அதான் நான் அன்னைக்கே கேட்டேன், எங்க வச்சுன்னு" என்றார்.

இதற்கு மறுபுறமாக, கையில் எதுவும் இல்லாமலே கேட்கப்பட்டோம் என்று சொல்லத்தக்க ஒன்று நம் வால்பாறையிலேயே இருக்கிறது. நாம் தினமும் பார்ப்பதால் அதன் அருமை தெரிவதில்லை. சாலையோரக் கம்பங்களில் உள்ள சிவப்பு விளக்குகளைத்தான் சொல்கிறேன்.

வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோ மீட்டர். தேயிலைக்கு நடுவே சிறு சிறு சோலைக் காடுகள். அவற்றை ஒட்டி யானைகளின் போக்குவரத்து. யானையால் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அருகில் யானை நிற்பது தெரியாமல் நடந்து போனவர்கள் என்பதை, இங்கே நெடுநாள் ஆய்வு செய்துவரும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினர் கண்டறிந்தார்கள். அப்படியானால் வேலி போடு, அகழி வெட்டு, யானையைப் பிடித்துக்கொண்டு போ என்று கிளம்பாமல், செய்தியை முன்கூட்டித் தெரிவித்தால் என்ன என்று யோசித்தார்கள். முதலில் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்தாக வந்தது. 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் வந்தது. யானை நிற்கும் இடத்துக்கு அருகில் உள்ள விளக்கை, பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்து எரியவிட வேண்டும். எரியவிடுவது யார்? அந்தந்தப் பகுதி மக்களே! எங்கள் லைனிலும் அப்படி ஒரு மாமா இருக்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அவர் விளக்கைப் போட்டால் பஸ் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். மேலாளர் தம் ஜீப்பை நிறுத்துவார். இப்பணிக்காக அவ்வமைப்பின் ஆனந்த குமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. உயிரிழப்புகளும் குறைந்தன.

எல்லாரையும் கேட்டால் காலம் வீணாகும், படிக்காதவர்கள் விளக்கும் ரோடும்தான் கேட்பார்கள் என்று சொல்லும் அறிவாளிகளுக்கு இந்த விளக்கைக் காட்ட விரும்புகிறேன். எந்தத் திருப்பத்தில் யானை இறங்கும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை எந்தப் பொறியாளர் அறிவார்? மாமா அறிவார்.

காடர் மக்கள் வேறொரு வகையில் வழி காட்டினார்கள். 2019 ஆகஸ்ட் மழையில் கல்லார் குடியிருப்பில் மண் சரிந்தது. அவர்களுக்குத் தற்காலிகமாகத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இடம் தரப்பட்டது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு லைன் வீடு ஒரு வீடாகுமா? தெப்பக்குளமேட்டில் தாங்களே தேர்ந்த இடம்தான் வேண்டும் என்று ஈராண்டுக் காலம் விடாமல் போராடி 2021இல் நில உரிமை பெற்றார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமைக் கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரத்தைக் குடியிருப்பு மக்கள் கூடும் சபைக்கே கொடுத்திருக்கிறது. சில நூறு பேருக்கு மேற்படாத மக்கள் கேட்டுப் பெற்றதை, எழுபதாயிரம் பேர் கேட்கக்கூட இல்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுபதாயிரம் பேர் என்றேன். இந்த 'மக்கள்' யார் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மலையிறங்கிப் போனவர்களின் இடத்தில் அசாம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இன்று கொழுந்து பறிக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்று. அவர்கள் மகள் என்னிடம் தமிழில்தான் சண்டை போடுவாள். வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவரே சபை உறுப்பினர் என்றால், அவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத அன்று அவர்கள் வீட்டுக் குழாயிலும் வருவதில்லை. என் தாத்தா இந்த மலைக்கு வந்த நாளில் அவரும் அப்படி ஓர் அயலாராகத்தானே வந்திருப்பார்? அவர்களையும் அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உலகில் பிற இடங்களில் இது நடந்திருக்கிறது. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் நகராட்சி வரவுசெலவின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதைக் குடிமக்கள் பகுதி பகுதியாகக் கூடி முடிவு செய்தார்கள். கழிவுநீர்க் கால்வாய் முதலில், பிறகு சாலை என்று வரிசைப்படுத்தினார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீயின் பெண்கள் உணவகங்கள் நடத்துகிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கி வளர்ந்தவையே. அம்மாவும் ஒரு குழுவில் இருக்கிறார். வாராவாரம் சேமிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், அடைக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அக்குழுவைக் கூப்பிட்டு, இவ்வூரில் என்ன தொழில் செய்யலாம் என்று எவரும் கேட்டதில்லை.

தொழில் இல்லாமலா இருக்கிறது? விடுமுறை நாளில் வண்டிகள் வால்பாறையில் நிற்க இடமில்லை. 2025 நவம்பர் முதல் சுற்றுலாப் பயணிகள் இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற வேண்டும் என்று நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்குக் கூட்டம். விடுதிகள் பெருகுகின்றன. வருகிறவர்கள் தேயிலைச் செடிக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அம்மாவையும் சேர்த்துத்தான். முப்பது ஆண்டாகக் கொழுந்து பறிக்கும் அவர் தம் கையால் ஒரு குவளைத் தேநீர் போட்டு யாருக்கும் விற்றதில்லை. விற்க இடம் ஏது? நிலம் வேண்டாம், சாலையோரம் நான்கு தூண் நிறுத்தி ஒரு கூரை போட அனுமதி போதும். குழுவிலுள்ள பன்னிரண்டு பேரில் முறை வைத்து நடத்துவார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கும் அங்கே வேலை உண்டு.

எங்கள் பயம் வேறொன்றும் உண்டு. நெல்லைச் சீமையில் மாஞ்சோலைத் தோட்டம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை முடியுமுன்பே, 2024இல், அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறும் நிலை வந்தது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமே ஏற்று நடத்தட்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றம் வரை சென்றும் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கப்படவில்லை. சரியா தவறா என்று சொல்லும் சட்ட அறிவு எனக்கில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே அம்மக்களைக் கூட்டி, குத்தகை முடியும் நாளுக்குப் பிறகு நீங்கள் எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தால்?

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. பகுதி சபை லைனுக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், தோட்டம் விடுமுறை. பதிவேட்டில் கையெழுத்து வாங்குமுன் சென்ற முறை கேட்டவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, எது ஆயிற்று, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று சொல்லட்டும். சித்தி ஊர்ப் பாட்டி கேட்டதும் அதைத்தானே? அந்த வாசிப்புப் பணியை நம் கல்லூரி மாணவர்கள் செய்யலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் புல் வெட்டுகிறோம். ஒரு முகாமை இதற்குக் கொடுத்தால் புல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. லைன் வாரியாகப் பூட்டிய வீடுகள் எத்தனை, ஓய்வு பெறப் போகிறவர்கள் எத்தனை, அவர்கள் எங்கே போக எண்ணியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க எங்கள் வகுப்பு தயார். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு இசைவு தர வேண்டுகிறேன்.

கட்டுரையை முடிக்குமுன் அம்மாவிடம் கேட்டேன்: அப்படி ஒரு கூட்டம் நடந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? மழைக்காலத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் பிரிவுக்கு ஒரு பஸ் வேண்டும் என்றார். தேநீர்க் கடைக்குக் கூரை என்றார். அப்பாவுக்கு ஓய்வுக்குப் பிறகு இந்த மலையிலேயே இரண்டு சென்ட் இடம் என்றார். சங்கரன்கோவிலை அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கோயில் மேட்டில் வைத்தால் வருவீர்களா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைன்னா வாரேன். மத்தியானத்துக்கு மேல வைக்கச் சொல்லு பாப்பா. காலையில துணி தொவைக்கணும், கடைக்குப் போகணும்."